பெரிய ரீச்சர் குடித்த தேத்தண்ணி

எங்கள் சபையின் புதன்கிழமைச் செபக்கூட்டம் யார் வீட்டில் நடந்தாலும், தேத்தண்ணி ஒரே கோப்பைகளில்தான் வரும். நீலப்பூப் போட்ட ஆறு பீங்கான் கோப்பைகள். அவை எங்கள் பக்கத்து வீட்டு முஸ்லிம் அக்கா, ராத்தாவுடையவை; பெருநாளுக்கென்று அவருடைய கணவர் வாங்கிக் கொடுத்தவை. கல்முனையில் அந்தக் காலத்தில் கிறிஸ்தவக் குடும்பங்களை விரல்விட்டு எண்ணலாம். கூட்டம் முறைவைத்து வீடு வீடாகப் போகும். முறை வந்த வீட்டுக்காரி முதல்நாளே சத்தமில்லாமல் வந்து ராத்தாவிடம் கோப்பைகளை இரவல் வாங்கிப் போவார். மறுநாள் எல்லாரும் அவற்றைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்து, "வடிவான கோப்பை" என்பார்கள். எதன் பிடி உடைந்தது என்பதுகூட எல்லாருக்கும் தெரியும்.

செபமும் அப்படித்தான். மகாராணியாருக்காகவும், ஆபிரிக்காவிலுள்ள மிஷனரிமாருக்காகவும், மழைக்காகவும் உருக்கமாக மன்றாடுவார்கள். தன் வீட்டு விஷயத்தை ஒருவரும் எடுக்க மாட்டார்கள். கர்த்தருக்குத் தெரிந்தால் பரவாயில்லை, பக்கத்துப் பாயில் இருப்பவளுக்குத் தெரிந்துவிடக் கூடாது.

எங்கள் வீட்டிலும் ஒரு விஷயம் இருந்தது. அப்பா சயரோகத்தோடு தூரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் நான்கு மாதமாகப் படுத்திருந்தார். ஊருக்கு நாங்கள் சொன்னது, கல்லோயா அணைக்கட்டில் வேலை கிடைத்துவிட்டது என்று. "வெளிய விட்டியெண்டா, கோயில் வாங்குப் பலகையில நமக்குப் பக்கத்தில ஒருத்தரும் இரிக்க மாட்டாங்க" என்று அம்மா என்னை எச்சரித்திருந்தார். எட்டு வயதில் எனக்குப் பொய் சொல்ல அனுமதி கிடைத்தது அதுதான் முதல் தடவை. நான் அதை வீணாக்கவில்லை. அப்பா யானை அளவு மெஷின் ஓட்டுகிறார் என்றேன். அடுத்த மாதம் அது இரண்டு யானை அளவாயிற்று. அம்மாதான் பாவம். ஒவ்வொரு புதனும் மகாராணியாருக்காக ஆமென் சொல்லிவிட்டு, அப்பாவுக்காக ஒரு வார்த்தை கேட்க முடியாமல் வீட்டுக்கு வந்து, அடுப்படியில் தனியாக முழங்காலில் நிற்பார்.

எங்கள் முறை வந்த புதன்கிழமை, ஒருவர் தன் மச்சாளையும் கூட்டிவந்ததால் ஏழு பேராகிவிட்டார்கள். அதில் பெரிய ரீச்சரும் ஒருவர். ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, அவர் இருந்தால் பாய்கூடச் சுருங்கப் பயப்படும். எந்த வீட்டிலும் பாதிக் கோப்பைக்கு மேல் குடிக்க மாட்டார். காணாததைக் கண்டதுபோல் குடிக்கக் கூடாது என்பது அவருடைய கொள்கை.

அம்மா தேத்தண்ணியைப் பரிமாறச் சொல்லி என்னை அனுப்பினார். ஆட்கள் ஏழு, கோப்பை ஆறு. அடுப்படித் தட்டில் அப்பாவின் எனாமல் கோப்பை துணியால் மூடிக் கிடந்தது. தொடக் கூடாது என்று உத்தரவு. ஏன் என்று அம்மா சொல்லவில்லை. விலைகூடியதாக்கும் என்று நான் நினைத்திருந்தேன். ஆகவே அதிலேயே ஊற்றி, மரியாதையாகப் பெரிய ரீச்சரின் கையில் கொடுத்தேன்.

ரீச்சர் அதை வாயருகே கொண்டுபோனார்.

"குடிக்காதீங்க!" என்று அம்மா கத்தினார்.

அம்மா எதையாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். எறும்பு விழுந்திருக்கிறது என்றால் போதும். நானென்றால் பல்லி என்றிருப்பேன். அம்மாவால் முடியவில்லை.

"அது இவர்ர கோப்பை, ரீச்சர். இவருக்குச் சயரோகம். கல்லோயாவில இல்ல, ஆஸ்பத்திரியிலதான் கிடக்கார். நாலு மாசமா உங்க எல்லாருக்கும் பொய் சொல்லிப் போட்டன். தப்புவாரோ தெரியா... எனக்குப் பயமாக் கிடக்கு."

ஆறு கோப்பைகளும் ஆறு கைகளில் அப்படியே நின்றன. மச்சாள்காரி தன்னுடையதை மெதுவாகக் கீழே வைத்தார். எனக்குத் தலை நிமிர முடியாத வெட்கம். அம்மாவுக்காக அல்ல, என்னுடைய மெஷினுக்காக.

பெரிய ரீச்சர் கோப்பையை என்னிடம் திருப்பி நீட்டினார். சரி, இனிக் கோயில் வாங்கு முழுவதும் நமக்குத்தான் என்று நினைத்தேன்.

"புள்ள, இதக் கொதிதண்ணியில நல்லாக் கழுவிப் போட்டு, மறுகா ஊத்திக் கொண்டு வா. நான் இதிலதான் குடிப்பன்."

கழுவிக் கொண்டுவந்தேன். கேத்தலில் மிஞ்சியிருந்தது அடிவண்டல்; சீனியும் முடிந்திருந்தது. ரீச்சர் கடைசிச் சொட்டுவரை குடித்தார். குடித்துவிட்டு, "இன்னும் கிடக்கா?" என்றார். மச்சாள்காரி கீழே வைத்த கோப்பையைத் திரும்பக் கையில் எடுத்தார்.

வண்டலில் சுடுதண்ணி விட்டு நான் கொண்டுவந்த இரண்டாவது கோப்பையும் முடிந்தபின் ரீச்சர் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் சொன்னார்: "என்ட மகன் லண்டன்ல சுகமா இரிக்கான் எண்டு நான் சொன்னதும் பொய்தான். மூண்டு வருசமாக் கடிதம் இல்ல. எங்க இரிக்கான் எண்டே தெரியா."

பிறகு ஒருவர் பின் ஒருவராக அழுதார்கள், கதைத்தார்கள். அன்று மகாராணியாருக்காக ஒருவரும் செபிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ரீச்சர் எங்கள் வாங்குக்கே வந்து, என்னை நெருக்கிக்கொண்டு இருந்தார். அடுத்த புதனிலிருந்து அவரவர் வீட்டில் உள்ள தகரப் பேணியிலும் கிளாசிலும் தேத்தண்ணி வந்தது. "என்ன, என்ட கோப்பையில ஏதும் குறையா?" என்று ராத்தா கேட்டு வந்தபோது அம்மா அவரிடமும் உள்ளதைச் சொன்னார். தொழுகையில் துஆக் கேட்பதாகச் சொல்லிப் போனார் ராத்தா.

எனக்கு விளங்கியது ஒன்றே ஒன்று. எங்கேயும் பாதி மிச்சம் விடுகிற பெரிய ரீச்சர் எங்கள் வீட்டில் இரண்டு கோப்பை குடித்திருக்கிறார். ஆகவே கல்முனையிலேயே திறமான தேத்தண்ணி எங்கள் வீட்டுத் தேத்தண்ணிதான். பள்ளிக்கூடத்தில் அதைப் பீற்றிக்கொண்டு திரிந்தேன்.

அடுத்த வருடம் அப்பா மெலிந்துபோய், ஆனால் நடந்தே வீட்டுக்கு வந்தார். வந்ததும் முதல் வேலையாகத் தன் கோப்பையைத் தேடியெடுத்து, வேறாக ஒரு மூலையில் வைக்கப் போனார். நான் விடவில்லை.

"அப்பா, இதிலதான் பெரிய ரீச்சர் ரெண்டு தரம் வாங்கிக் குடிச்சவ. நம்மட தேத்தண்ணி அவ்வளவு திறம்!"

அப்பா கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். கண் கலங்கியிருந்தது. அவருக்கும் தேத்தண்ணி வேண்டும், கேட்க வெட்கமாக்கும் என்று நினைத்து, நான் கேத்தலை அடுப்பில் வைக்க ஓடினேன்.