கிளெனிஸின் மூன்று நிமிடம்

எங்கள் மேடன்ஸ் கிராசிங் ஊரில் கிளெனிஸ் டோபினின் வாய்க்குப் பயப்படாதவர்கள் இரண்டே பேர். ஒருவர் அவருடைய கணவர் நெவில். அவருக்குக் காது மந்தம். இன்னொருவர் ஆற்றுக்கு அந்தப் பக்கம் மாட்டுப் பண்ணை வைத்திருக்கும் டெஸ் கெல்லர். அவர் யாருக்குமே பயப்படாத மனிதர். என்னையும் சேர்த்து மற்ற எல்லோரும் கொஞ்சம் ஒதுங்கியே நடப்போம்.

முப்பத்தோரு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவர் கிளெனிஸ். எந்தப் பிள்ளை எந்தப் பிள்ளையின் சாண்ட்விச்சைத் தின்றது, எது வீட்டுப்பாடம் செய்யவில்லை என்பதையெல்லாம் கண்ணாடியில் பார்த்தபடியே பேர் சொல்லி அறிவிப்பாராம். இன்றைக்குக் கவுன்சிலில் உட்கார்ந்திருக்கிற ஒன்பது பேரில் ஐந்து பேர் அந்தப் பேருந்தில் போனவர்கள்தான். அவரைத் தெருவில் கண்டால் இன்னமும் சட்டையை உள்ளே செருகிக்கொள்கிறார்கள்.

நான் இந்த ஊரில் கடையோடு சேர்ந்த தபால் நிலையத்தை எடுத்து நடத்தி பத்தொன்பது வருடமாகிறது. கிளெனிஸ் தினமும் தபால் எடுக்க வருவார். தபாலுக்கு ஒரு நிமிடம், பேச்சுக்கு ஒரு மணி நேரம். அவர் கார் வந்து நிற்பதைப் பார்த்துவிட்டு நான் பார்சல்களுக்குப் பின்னால் போய் உட்கார்ந்த நாட்களும் உண்டு. அப்படிப்பட்டவர் போன குளிர்காலத்தில் தொடங்கி ஐந்து மாதம் வாயை மூடிக்கொண்டு இருந்தார். கண்ணால் பார்த்த நான் சொல்வதால்தான் வெளியூர்க்காரர்கள் நம்புகிறார்கள்.

அதற்கு முன்னால் வெள்ளத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஐந்து வருடத்தில் இரண்டாவது தடவையாக ஆறு பாலத்துக்கு மேலே ஏறியது. ஆறு நாள் மின்சாரம் இல்லை. நெவிலுக்கு நுரையீரல் கெட்டுப்போய், மின்சாரத்தில் ஓடும் ஆக்சிஜன் மெஷின்தான் துணை. கைவசம் இருந்த சிலிண்டர் பாதி நாளுக்குக்கூடக் காணாது. அன்றைக்கு டெஸ்ஸின் சொந்த மாடுகள் வேலியோடு மிதந்து போய்க்கொண்டிருந்தன. அவர் தன் அலுமினியப் படகைத் திருப்பி டோபின் வீட்டுக்கு ஓட்டி வந்தார். நெவிலைப் போர்வையில் சுற்றிப் படகில் கிடத்தி, சிலிண்டரைக் கிளெனிஸின் மடியில் வைத்து, வேலிக் கம்பங்களின் தலைக்கு மேலாக, ஆம்புலன்ஸ் காத்திருந்த மேட்டுச் சாலை வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தார். அந்த வாரம் டெஸ்ஸுக்கு நாற்பத்து மூன்று மாடுகள் போயின.

அதைப் பற்றி இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. கிளெனிஸ் ஒரு பழக் கேக் செய்து, டப்பாவில் போட்டு டெஸ்ஸின் வாசல் கம்பத்தின் மேல் வைத்துவிட்டு வந்தார். ஒரு வாரம் கழித்து கழுவித் துடைத்த டப்பா திரும்பி வந்தது. எங்கள் ஊரில் நன்றி சொல்வதும் அதை ஏற்றுக்கொள்வதும் இவ்வளவுதான்.

ஜூனில், எங்களுக்கு அது குளிர்காலம், கடற்கரை ஊர் ஆஸ்பத்திரியிலிருந்து கிளெனிஸுக்கு ஒரு கடிதம் வந்தது. என் மேஜையில் வைத்தே பிரித்தார். அடுத்த மழைக்குள் ஊரிலேயே மின்சாரம் நிற்காத ஓர் இடத்தைக் காட்ட வேண்டும், இல்லையென்றால் நெவில் இரண்டு மணி நேரத் தொலைவில் இருக்கும் பராமரிப்பு இல்லத்துக்குப் போய்விட வேண்டும், டிசம்பர் முதல் வாரம் வரை அவருக்காக ஒரு படுக்கையைப் பிடித்து வைத்திருப்போம் என்று எழுதியிருந்தது. கிளெனிஸ் அதை இரண்டு தடவை படித்தார். என் கடையை விட்டு ஒரு நிமிடத்தில் அவர் கிளம்பியது அன்றைக்குத்தான் முதல் தடவை.

ஒரு வாரத்தில் ஒரு திட்டத்தோடு வந்தார். எங்கள் ஊர் மண்டபம் மேட்டில் இருக்கிறது, வெள்ளம் அங்கே ஏறியதில்லை. அதன் கூரையில் சோலார் தகடு போட்டு, உள்ளே பெரிய பேட்டரி வைத்துவிட்டால் ஊருக்கே அடைக்கலம். கவுன்சிலில் இருந்த பழைய பேருந்துப் பிள்ளைகளும் சரி என்றார்கள். ஆனால் இரண்டு நிபந்தனை. ஊர் மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதை எழுத்தில் தர வேண்டும். மண்டபத்துக்குச் சொந்தக்காரர்களான மண்டபக் குழு சம்மதிக்க வேண்டும். குழுவில் ஏழு பேர். தலைவர் டெஸ் கெல்லர்.

எங்கள் பள்ளி ஆசிரியை பிரையோனி நகரத்திலிருந்து வந்து மூன்று வருடம்தான் ஆகிறது. இந்த மாதிரி வேலைகளில் கெட்டி. ஊர்க்காரர்களை வீட்டுக்குக் கூப்பிட்டுச் சமையலறை மேஜைக் கூட்டம் நடத்துவது எப்படி என்று நகரத்துக் குழு ஒன்று போட்ட காகிதத்தை அவள்தான் கொண்டுவந்து கொடுத்தாள். ஒரு மேஜைக்கு எட்டுப் பேர். ஆளுக்கு மூன்று நிமிடம். யாரும் குறுக்கே பேசக்கூடாது. கூட்டம் கூட்டுகிற வீட்டுக்காரர் வாயே திறக்கக்கூடாது. ஒவ்வொருவரும் சொன்னதை அவரவர் வார்த்தையிலேயே எழுதி, படித்துக் காட்டி, தலையாட்டல் வாங்க வேண்டும். இந்த விதியை எழுதிய புண்ணியவானுக்குக் கிளெனிஸைத் தெரியாது.

முதல் கூட்டத்திலேயே கிளெனிஸ் சொதப்பினார். வேலை முடிந்து இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் கூட்டுங்கள் என்று காகிதத்தில் போட்டிருந்ததால், மாலை நாலு மணி என்று ஊர் முழுக்கச் சீட்டு ஒட்டினார். பால் கறந்து பிழைக்கிற ஊரில் நாலு மணிக்குக் கூட்டம்! மூன்று அடித்தால் இங்கே மாடு வைத்திருக்கும் ஒவ்வொருவரும் கறவைக் கொட்டகைக்குப் போய்விடுவார்கள். டெஸ் எப்படியென்றால், தன் மகளின் கல்யாணத்திலேயே மூன்று மணிக்கு எழுந்து போனவர், மாப்பிள்ளையின் அப்பாவையும் கூட இழுத்துக்கொண்டு. கிளெனிஸின் கூட்டத்துக்கு வந்தது ஆறு பேர். எல்லோரும் ஓய்வு பெற்றவர்கள் அல்லது ஆற்றின் அழகைப் பார்க்க வீடு கட்டி வந்தவர்கள். ஒரு காலணியிலும் சாணி இல்லை.

மறுநாள் டெஸ் தபால் நிலையத்துக்கு வந்தார். கடையில் நாலு பேர் நின்றிருந்தார்கள், அவர்களுக்கும் கேட்கட்டும் என்றுதான் பேசினார்.

"நாலு மணிக்குக் கூப்புட்டிருக்கா. மாடு வச்சிருக்கறவன் வராதேன்னு நேராவே சொல்லியிருக்கலாம்ல?"

நான் அதைக் கிளெனிஸிடம் சொன்னேன். அவருக்கு முகம் சிவந்துவிட்டது. அவரே கறவைக் கொட்டகையில் வளர்ந்தவர்.

"மூளை மழுங்கிப் போச்சு கண்ணு. அந்தக் காகிதத்தைப் பாத்தேன், மாட்டை மறந்துட்டேன்."

கூட்டத்தைக் காலை பத்து மணிக்கு மாற்றினார். மாட்டுக்காரர்கள் ஒவ்வொருவராக வரத் தொடங்கினார்கள். டெஸ் மட்டும் வரவில்லை.

அழைப்புச் சீட்டில் காலநிலை மாற்றம் என்ற சொல்லையே கிளெனிஸ் போடவில்லை. பிரையோனிக்கு அதில் வருத்தம். அந்தச் சொல்லைப் பார்த்தால் பாதிப் பேர் சண்டைக்கு வருவார்கள், மீதிப் பேர் வரவே மாட்டார்கள் என்பது கிளெனிஸின் கணக்கு. 'ஆறு உங்களை எப்படி வச்சிருக்கு?' என்று மட்டும் போட்டார். அந்தக் கேள்விக்கு எங்கள் ஊரில் பதில் இல்லாத ஆளே கிடையாது.

மேஜை நடுவில் முட்டை வேகவைக்க நேரம் பார்க்கும் மணல் கடிகாரம், மூன்று நிமிடத்துக்குச் சரியாக ஓடும். அதன் பக்கத்தில் ஒரு தட்டு நிறைய இஞ்சி பிஸ்கட். அந்த பிஸ்கட்டைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும், கல்லைப் போல இருக்கும்; ஒன்றை வாயில் போட்டால் மூன்று நிமிடத்துக்குப் பேச முடியாது. அதுதான் கிளெனிஸ் கண்டுபிடித்த வழி. வெள்ளமே அரசாங்கம் வேண்டுமென்று அணையைத் திறந்துவிட்டதால் வந்ததுதான் என்றார் ஒருவர். கிளெனிஸ் ஒரு பிஸ்கட்டைக் கடித்தார். சோலார் தகடு கோழிகளை முட்டையிடாமல் செய்துவிடும் என்றார் இன்னொருவர். இரண்டு பிஸ்கட்டை ஒன்றாகப் போட்டுக்கொண்டார். கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. எனக்கு அவரைப் பார்க்கச் சிரிப்பாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது.

நவம்பருக்குள் முப்பத்தெட்டு கூட்டம் ஆயிற்று, கிளெனிஸ் நாலு கிலோ கூடிவிட்டார். வீட்டிலும் பேச்சு குறைந்துபோனது. நெவில் ஒரு நாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, தனக்குச் சாவு நெருங்கிவிட்டதா, அதனால்தான் இவள் பேசாமல் இருக்கிறாளா என்று கேட்டார். அப்படியெல்லாம் இல்லை, எல்லாம் இஞ்சி பிஸ்கட் செய்கிற வேலை என்றேன். அவர் முழுதாக நம்பவில்லை.

அன்றைக்கே கிளெனிஸிடம் சண்டை போட்டேன். ஆஸ்பத்திரிக் கடிதத்தை ஒரே ஒரு கூட்டத்தில் காட்டினால் போதும், ஊரே கையெழுத்துப் போடும் என்றேன்.

"போடுவாங்கதான்," என்றார். "பரிதாபப்பட்டுப் போடுவாங்க. நெவில் போனதும் அந்தப் பரிதாபமும் போயிரும், பேட்டரியை யாரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க. அவங்களுக்கு வேணும்னு அவங்களுக்கே தோணணும். இன்னொண்ணு, வீட்டுக்காரி பேசக்கூடாதுன்னா பேசக்கூடாதுதான்."

முப்பத்தொன்பதாவது கூட்டத்துக்கு டெஸ் வந்தார். காலணியை வாசலில் கழற்றி வைத்துவிட்டு, காலுறையில் ஓட்டையோடு மேஜைக்கு வந்து உட்கார்ந்தார். எழுத உதவியாக நானும் கூட உட்கார்ந்திருந்தேன். அவர் முறை வந்ததும் மணல் கடிகாரத்தைத் தானே கவிழ்த்தார்.

"ஆறு என்ன செய்யுதுன்னு எனக்கு யாரும் பாடம் எடுக்க வேணாம். எங்கப்பா காலத்துல ஆயுசுக்கு ஒருவாட்டி ஏறுச்சு. இப்ப அஞ்சு வருசத்துல ரெண்டுவாட்டி. இது நிக்கப் போறதில்ல, அது எனக்கும் தெரியும். ஆனா மண்டபத்தை வெள்ள அடைக்கலம்னு எழுதிப் போட்டா, இது வெள்ள ஊருன்னு நாமளே கையெழுத்துப் போட்டுக் குடுத்த மாதிரி. என் பையனுக்குப் பண்ணை வேணாமாம். நான் வித்தாத்தான் எனக்குக் கடைசிக் காலத்துல சோறு. அப்புறம் எவன் வாங்குவான்? நகரத்துல இருந்து வந்தவங்களுக்கு இது புரியாது. கிளெனிஸுக்குப் புரியணும். அவளே நாலு மணிக்குக் கூட்டம் போட்டா."

கிளெனிஸின் கை பிஸ்கட் தட்டு வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. எழுதினார். படித்துக் காட்டினார், அந்தக் கடைசி வரியையும் சேர்த்து. டெஸ் தலையை மட்டும் ஆட்டிவிட்டு எழுந்து போனார்.

டெஸ் சொன்னதை எழுதிய பக்கத்தை எடுத்துவிடலாம் என்றாள் பிரையோனி. இருநூற்றுச் சொச்சம் பேரில் ஒருவர் பேச்சு குறைந்தால் யாருக்குத் தெரியப் போகிறது? உள்ளதைச் சொன்னால், நானும் அதையேதான் நினைத்தேன். கிளெனிஸ் எங்கள் இரண்டு பேரையும் பேருந்துக் கண்ணாடியில் பார்ப்பது போலப் பார்த்தார். டெஸ்ஸின் பக்கம் இருந்த இடத்திலேயே இருந்தது.

நவம்பர் கடைசி ஞாயிற்றுக்கிழமை, மதியம் ஒரு மணிக்கு மண்டபத்தில் கூட்டம். குழுவின் அடுத்த கூட்டம் பிப்ரவரியில்தான். அதற்குள் பராமரிப்பு இல்லத்துப் படுக்கையில் நெவில் இருப்பார், இல்லையென்றால் மழை வந்திருக்கும். கிளெனிஸ் எழுந்து நின்று ஊர் சொன்னதையெல்லாம் படித்தார். அணையைப் படித்தார், கோழியைப் படித்தார், சிரிப்பு வந்த இடத்தில் சிரிக்க விட்டார். கடைசியாக டெஸ்ஸின் பக்கத்தை ஒரு சொல் விடாமல் படித்தார். பண்ணை விற்கிற விஷயம் ஊருக்கு அன்றைக்குத்தான் தெரியும் என்று நினைக்கிறேன்.

குழுவில் கை தூக்கச் சொன்னார்கள். ஆதரவாக மூன்று, எதிராக மூன்று. மிச்சம் தலைவர்தான். சுவர்க் கடிகாரத்தில் மூன்று அடிக்க இரண்டு நிமிடம் இருந்தது. டெஸ் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தார். பிப்ரவரிக்குத் தள்ளி வைத்துவிட்டு மாட்டுக்குப் போகப் போகிறார் என்று மண்டபமே நினைத்தது.

அவர் நேராகக் கிளெனிஸின் மேஜைக்கு வந்தார். காகிதங்கள் பறக்காமலிருக்க மேலே வைத்திருந்த மணல் கடிகாரத்தை எடுத்தார்.

"எல்லார் பேச்சும் இதுல இருக்கு. உன் பேச்சு எங்க?" என்று கேட்டுவிட்டு, கடிகாரத்தை அவர் முன்னால் கவிழ்த்து வைத்தார்.

கிளெனிஸ் டோபினுக்கு வார்த்தை வரவில்லை. மணல் இறங்கிக்கொண்டே இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் சுலபமாக அழுகிறவள் இல்லை. பாதி மணல் இறங்கிய பிறகுதான் வாயைத் திறந்தார்.

"நெவிலை இன்னொருவாட்டி படகுல ஏத்த என்னால முடியாது டெஸ்."

டெஸ் தலையைத் தூக்கிக் கூரையைப் பார்த்தார்.

"வடக்குப் பக்கத் தகரம் துருப்புடிச்சுக் கிடக்கு," என்றார். "அதை மாத்தாம மேல எதையும் ஏத்த விடமாட்டேன். புதுத் தகரம் என் கொட்டகையில இருக்கு." பிறகு குழுவின் பக்கம் திரும்பி ஆதரவாகக் கையைத் தூக்கினார்.

மூன்று அடித்தது. யாரும் எழவில்லை. டெஸ் முன்வரிசையில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மணல் கடிகாரத்தைச் சுட்டிக்காட்டி, "இன்னும் மிச்சம் இருக்கு, பேசு," என்றார்.

கிளெனிஸ் பேசினார். படகைப் பற்றிப் பேசினார், கடிதத்தைப் பற்றிப் பேசினார், அந்த நாற்பத்து மூன்று மாடுகளுக்காக இத்தனை நாள் சொல்லாமல் வைத்திருந்த வருத்தத்தைச் சொன்னார். நாலு மணிக் கூட்டத்துக்கு மன்னிப்புக் கேட்டார். அப்புறம் அணை தவறு, கோழி தவறு என்று ஒவ்வொருவருக்கும் பேர் சொல்லிப் பதில் கொடுத்தார். மணல் தீர்ந்து வெகு நேரமாகியும் யாரும் அதைத் தொடவில்லை.

அன்றைக்கு டெஸ்ஸின் பண்ணையில் கறவை நாற்பது நிமிடம் தாமதம். மாடுகள் கத்துவது ஆற்றுக்கு இந்தக் கரை வரைக்கும் கேட்டது.