சண்டை போட்டது நான்தான்

படம் முடிந்து மண்டபத்தில் விளக்கைப் போட்டதும் முதலில் என்னிடம் வந்தவர் எங்கள் அலுவலக மேலாளரின் மனைவி. என் கையைப் பிடித்துக்கொண்டு, "வயிறு வலிக்கச் சிரிச்சோம்மா," என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஒன்னு சொல்றேன், கோவிச்சுக்காத. அந்தத் தலமுடிய கொஞ்சம் அவுத்து விட்டிருக்கலாம்," என்றார்.

ஒன்றேகால் மணி நேரப் படத்தில் நான் பதின்மூன்று பேரை உதைக்கிறேன். முடியை அவிழ்த்துவிட்டுக்கொண்டு யாரையும் உதைக்க முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் சிற்றுண்டி மேசைப் பக்கம் போய்விட்டார்.

அது நாங்களே எடுத்த கராத்தே நகைச்சுவைப் படம். பள்ளிக்கூடக் காலத்தில் ஒன்றாகக் கராத்தே பழகிய சிலர் சேர்ந்து எடுத்தோம். அவர்களில் ஒருவன் இப்போது கண்டி டவுனில் கல்யாண வீடியோ எடுக்கிறான். அவன்தான் இயக்குநர். நான் காப்புறுதி அலுவலகம் ஒன்றில் எழுதுவினைஞர். குண்டசாலையிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருகிறவள். கறுப்புப் பட்டி எடுத்துப் பல வருடமாகியும் அது அலுமாரிக்குள் மடித்த மாதிரியே கிடந்தது. நீதான் கதாநாயகி என்று அவன் சொன்னபோது நான் யோசிக்காமலே சரி என்றேன். கோயில் மணியைத் திருடிய கும்பலைத் தேயிலைத் தோட்டத்துத் தபால்காரப் பெண் தேடிப்பிடித்து உதைப்பதுதான் கதை.

கையில் காசில்லாத படம் என்பது பார்த்தவுடன் தெரியும். வில்லன்களுக்குக் கறுப்பு உடுப்பு வாங்க வழியில்லாமல் பழைய வெள்ளைக் கராத்தே உடுப்புகளுக்குச் சாயம் போட்டோம். படப்பிடிப்பு நடந்த ஹந்தானையின் மழையில் சாயம் கரைந்து, வில்லன்கள் எல்லோரும் கழுத்து நீலம் பாரித்து நின்றார்கள். அடி விழும் சத்தத்துக்கு ஈரச் சாக்கைச் சீமெந்துத் தரையில் அறைந்து பதிவு செய்தோம். இவற்றைப் பார்த்து யாராவது சிரித்தால் எனக்கு வருத்தமில்லை. சிரிக்கத்தானே எடுத்தோம்.

ஆனால் ஒரு காட்சி மட்டும் எனக்கு விளையாட்டு இல்லை. தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசைகளான இரண்டு லயங்களுக்கு நடுவே உள்ள ஒடுக்கமான பாதையில் நான்கு பேர் ஒருவர் பின் ஒருவராக வருகிறார்கள். நான் அவர்களை அடித்துக்கொண்டே மேட்டிலிருந்து பள்ளத்துக்கு இறங்க வேண்டும். இடையில் வெட்டே கூடாது என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். அதற்காக ஆறு வாரம், வேலைக்குப் போகுமுன் காலையில் பயிற்சி செய்தோம். படப்பிடிப்பு நாளில் பதினாறு தடவை எடுத்தோம். பதினாறாவது தடவை மூன்றாவது ஆளின் முழங்கை நிஜமாகவே என் வாயில் இடித்தது. உதடு கிழிந்தது. நான் நிற்கவில்லை. நான்காவது ஆளையும் விழுத்திவிட்டுத்தான் ஓய்ந்தேன். அந்தத் தடவைதான் சரியாக வந்தது.

வெட்டி ஒட்டிய படத்தை நானும் மண்டபத்தில்தான் முதல் தடவை பார்த்தேன். அந்தக் காட்சி வந்தபோது கதிரையின் நுனியில் இருந்தேன். முதல் உதை விழுமுன்பே ஜனங்கள் சிரிக்கத் தொடங்கினார்கள். இரண்டாவது உதைக்கு விசில். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு திரையை நன்றாகப் பார்த்தேன். எனக்குப் பின்னால், லயத்து வாசலில், இடுப்பில் கட்டிய சாரம் துணிக்கொடியில் மாட்டிக்கொள்ள, ஒருவன் பம்பரம் மாதிரிச் சுற்றிக்கொண்டிருந்தான். எங்கள் படத்தின் நகைச்சுவை நடிகன். ஹந்தானையில் ஆட்டோ ஓட்டுகிறவன். அவன் அங்கே நின்றதே எனக்குத் தெரியாது. என் முதுகுக்குப் பின்னால் அல்லவா நின்றிருக்கிறான்!

வெளியே வந்ததும் இயக்குநரைப் பிடித்தேன்.

"அவன் ஏன் அங்க நிக்கிறான்?"

"பின்னுக்கு வெறுமையா இருந்துச்சு. நான்தான் போய் நிக்கச் சொன்னேன்."

"வெறுமையாவா? நான் நிக்கிறேனே!"

"நீ சண்ட போடுற. அதுல சிரிக்க என்னா இருக்கு?" என்றவன், என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் இறங்கி வந்தான். "ஜனங்க ரசிச்சாங்களா இல்லியா? அத சொல்லு."

ரசித்தார்கள்தான். அதுதான் என் ஆத்திரம்.

அந்த வாரம் முழுக்க அபிப்பிராயங்கள் வந்துகொண்டே இருந்தன. ஓய்வுபெற்ற தமிழ் ஆசிரியர் ஒருவர் படத்தின் முடிவில் வரும் எழுத்தோட்டத்தில் இருந்த ஒற்றுப் பிழைகளை வரிசையாக எழுதி அனுப்பினார்; சண்டை பற்றி ஒரு சொல் இல்லை. அலுவலகத்தில் என் பக்கத்து மேசைக்காரர் யாழ்ப்பாணத்தவர், யாரையும் நோகடிக்கத் தெரியாதவர். "ஓம், நல்லா இருந்தது," என்றார். தேநீரை ஒரு வாய் குடித்துவிட்டு, "ஆனா நீங்கள் ஒருக்கா எண்டாலும் சிரிச்சிருக்கலாம். முழுக்கக் கோவமாவே நிக்கிறியள்," என்றார். அப்போதும் நான் சிரிக்கவில்லை.

அம்மா மண்டபத்துக்கு வரவில்லை. வீட்டில் தொலைபேசியில் பார்த்தார். அந்தக் காட்சி வந்ததும் நிறுத்தினார். திரும்ப ஓட்டிப் பார்த்தார்.

"படியில விழுந்துட்டேன்னுதானே அன்னிக்கு சொன்ன? இது முழங்கை."

படம் பார்த்தவர்களில் அந்த அடியைக் கண்டுபிடித்தது அவர் ஒருவர்தான். ஆனால் அதற்குப் பிறகு இரண்டு நாள் அவர் என்னோடு பேசவில்லை.

அடுத்த மாதம் தெல்தோட்டைப் பக்கத்தில் ஒரு தோட்டத்து இளைஞர்கள் படத்தைப் போடக் கேட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சிறிய மண்டபம். ஜன்னல்களை உரப் பைகளால் மறைத்து, வெள்ளைப் படுக்கை விரிப்பைத் திரையாகக் கட்டியிருந்தார்கள். துணிக்கொடிக் காட்சிக்கு இங்கேயும் அதே கூச்சல், அதே விசில். படம் முடிந்ததும், எங்களிடம் எதையாவது கேட்பதென்றால் கேட்கலாம் என்று இயக்குநர் சொன்னான்.

முன் வரிசையில் இருந்த, குடை வைத்திருந்த நடுத்தர வயதுக்காரர் எழுந்தார். நல்ல மனிதர் போலத்தான் இருந்தார்.

"படம் ஜோரா இருந்துச்சிங்க. அந்தப் பொம்பள வேசம் கட்டி சண்ட போட்ட பையன் யாருங்க? நல்ல அடி."

"பையன் இல்லீங்க," என்றேன். "சண்டை போட்டது நான்தான்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். அன்று நான் சுடிதார் போட்டு, பொட்டு வைத்து, கையில் ஒரு துண்டுப் பலகாரத்தோடு நின்றேன்.

"மூஞ்சி ஒங்களோடதுதாங்க. நான் சண்டைய கேக்குறேன். அது டூப்புதானே?"

மண்டபம் சிரித்தது. இயக்குநரும் சிரித்தான். அவன் சிரித்ததுதான் என்னால் தாங்க முடியாமல் போயிற்று. பலகாரத்தை மேசையில் வைத்தேன். செருப்பைக் கழற்றினேன்.

"ஐயா, அந்தக் குடைய ஒங்க தல ஒசரத்துக்குப் புடிங்க."

"விடும்மா, நான் சும்மா சொன்னேன்."

"புடிங்கங்கறேன்."

அவர் பிடித்தார். நான் ஒரு காலைப் பின்னால் வைத்து, திரும்பி உதைத்தேன். குடை அவர் கையிலிருந்து பறந்து போய்த் திரையில் மோத, கட்டியிருந்த கயிறு அறுந்து படுக்கை விரிப்பு மொத்தமாக இயக்குநரின் தலைமேல் விழுந்தது. பிறகு மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது. குடைக்காரர்தான் எல்லோரையும் விட அதிகமாகத் தட்டினார். வேனில் வீடு திரும்பும்போது மனசு கொஞ்சம் ஆறியிருந்தது.

அதுவும் ஒரு நாள்தான். யாரோ அதைத் தொலைபேசியில் பிடித்து இணையத்தில் போட்டிருந்தார்கள். அரை நிமிடம்கூட இல்லாத அந்த வீடியோவை எங்கள் படத்தைப் பார்த்தவர்களைவிடப் பல மடங்கு பேர் பார்த்தார்கள். அலுவலகத்தில் மேலாளர் உட்பட எல்லோரும் பார்த்துவிட்டார்கள். கீழே வந்திருந்த கருத்துகளை மதியச் சாப்பாட்டு நேரத்தில் படித்தேன். "படத்த விட இது நல்லாருக்கு." "விரிப்புக்குள்ள மாட்டுனவரு செம நடிப்பு." கடைசியாக ஒன்று: "குடையில நூல் கட்டி இழுத்திருக்காங்க. உத்துப் பாருங்க தெரியும்."

நான் உற்றுப் பார்த்தேன். எனக்கே ஒரு நிமிடம் சந்தேகம் வந்துவிட்டது.

இயக்குநர் தொலைபேசி எடுத்து, இரண்டாம் பாகத்தைக் குடையிலிருந்தே தொடங்கலாம் என்றான். நான் தொலைபேசியை வைத்துவிட்டேன்.

பிறகு நான் செய்ததை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. ஒரு சாயங்காலம் வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் இருந்தபடி, பொய்ப் பெயரில் ஒரு கணக்குத் திறந்து, இணையத்தில் ஏற்றியிருந்த எங்கள் படத்துக்குக் கீழே நானே ஓர் அபிப்பிராயம் எழுதினேன். "லயக் காட்சியில் அந்தப் பெண்ணின் சண்டையைக் கவனியுங்கள். வெட்டே இல்லாமல் ஒரே மூச்சில் எடுத்திருக்கிறார்கள். எங்கள் ஊரில் இப்படி யாரும் செய்ததில்லை." எழுதியதைத் திரும்பப் படித்தேன். கொஞ்சம் கூச்சமாக இருந்தது. ஆனால் ஒரு சொல்லும் பொய்யில்லை.

பஸ் இரண்டு தரிப்பிடம் தாண்டுமுன் பதில் வந்தது. "நீங்க அவங்க வீட்டு ஆளா?"

இன்னொருவர், "நீங்க சொன்னீங்கன்னு திரும்பப் பாத்தேன். சாரம் சுத்துறது சூப்பர்," என்று எழுதியிருந்தார்.

அதைப் படித்த ஆத்திரத்தில் நான் இறங்க வேண்டிய இடத்தைத் தவறவிட்டேன். அடுத்த தரிப்பிடத்தில் இறங்கி, தூறலுக்கு ஒரு கடை ஓரமாக ஒதுங்கி நின்று, பதினாறு தடவை எடுத்தது, உதடு கிழிந்தது எல்லாவற்றையும் விளக்கி ஒரு நீண்ட பதில் எழுதி அனுப்பினேன். அதற்கு இதுவரை எட்டுப் பேர் சிரிக்கும் முகம் போட்டிருக்கிறார்கள்.