மஸ்கட்டைச் சுற்றிப் பார்த்த வெள்ளிக்கிழமை

மஸ்கட்டில் பத்துப் பதினோரு வருடம் இருந்தேன். அங்கே பார்க்க என்னென்ன இருக்கிறது என்று யாராவது கேட்டால் நான் சொல்வதெல்லாம் ஒரே ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் பார்த்தவை. மற்ற நாட்களில் பார்த்தது இஸ்திரி மேஜையைத்தான்.

லாண்டரியில் வேலை. அங்கே ஆண்கள் போடும் நீளமான வெள்ளை அங்கியைச் சுருக்கமில்லாமல் தேய்த்து மாட்ட வேண்டும். கடைக்கு மேலேயே தங்கும் அறை. லீவு நாளில் மதியம் வரை தூங்குவேன். எழுந்து துணி துவைப்பேன். வீட்டுக்குப் பேசுவேன். கடலோரத்தில் மதில் கட்டிய பழைய நகரம் இருக்கிறது, கோட்டைகள் இருக்கின்றன, கப்பல் கப்பலாக வெள்ளைக்காரர்கள் வந்து பார்க்கிறார்கள் என்பதெல்லாம் தெரியும். பஸ்ஸில் போனால் கொஞ்ச நேரம்தான். போகவில்லை. நான் படித்தது ஐந்தாவது வரை. தனியாகப் போய் யாரிடம் என்ன பேசுவது என்ற கூச்சம்.

அந்தக் கடையை வேறொருவர் வாங்கினார். அவருக்கு அவருடைய ஆட்கள் இருந்தார்கள். எனக்கு விசா கேன்சல் ஆனது. ஞாயிற்றுக்கிழமைக்கு டிக்கெட் போட்டுக் கொடுத்தார்கள். கோபம் வரவில்லை, அழுகையும் வரவில்லை. கை மட்டும் வேலை இல்லாமல் தொங்குவது போல் இருந்தது.

மனைவியிடம் சொல்லவில்லை. அறந்தாங்கிக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. மகளுக்கு ஓர் இடம் கூடி வந்திருந்தது. மாப்பிள்ளை வீட்டில், பெண்ணின் அப்பா மஸ்கட்டில் வேலையில் இருக்கிறார் என்று சொல்லித்தான் மனைவி பேச்சையே ஆரம்பித்திருந்தாள். நான் தினமும் போன் போட்டேன். சாப்பிட்டாச்சா என்று கேட்டேன். வைத்துவிட்டேன்.

பக்கத்துக் கட்டில்காரருக்கு ஊர் எங்கள் பக்கத்து மீமிசல். ஓட்டலில் சமையல் வேலை, என்னைவிட இளையவர். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்ததும் என் முன்னால் வந்து நின்றார்.

“கெளம்புங்கண்ணே. கேன்சல்ல போற ஆள ஊரைச் சுத்திக் காட்டாம அனுப்புனா நம்ம ரூமுக்கு என்ன மரியாதை?”

“பெட்டி கட்டணும் தம்பி.”

“ரெண்டு நாளா கட்டுறதும் அவுக்குறதுமாத்தான் இருக்கீங்க. அதுக்குள்ள ஒண்ணும் குட்டி போடாது. செருப்பப் போடுங்க.”

செருப்பைப் போட்டேன். போனேன்.

முதலில் மத்ரா என்ற இடம். கடலை ஒட்டி வளைந்து போகும் நடைபாதை. பழைய கடைத்தெருவுக்குள் கூரையின் கீழேயே நடந்தோம். கடைக்குக் கடை சாம்பிராணிப் புகை. கடைக்காரர்கள் தமிழிலேயே கூப்பிட்டார்கள். நான் எதையும் வாங்கவில்லை. பிறகு டாக்ஸி பிடித்துப் பழைய நகரத்துக்குப் போனோம். சாலைக்குக் குறுக்கே மதில் வாசல். அதைத் தாண்டினால் நீலமும் தங்க நிறமுமாகத் தூண் வைத்த அரண்மனை. அதன் பின்னால் கடல் உள்ளே வந்து நிற்கிறது. இரண்டு பக்கமும் பாறை, பாறைக்கு மேல் ஒவ்வொரு கோட்டை.

“உள்ள விட மாட்டாங்கண்ணே. வெளிய நின்னே பாத்துக்கிற வேண்டியதுதான்” என்றார்.

எதிர்ப் பாறையில் வெள்ளை பெயிண்டில் என்னவோ எழுதியிருந்தது. வந்து போன கப்பல்களின் பெயராம். மாலுமிகள் ஏறி எழுதிவிட்டுப் போவார்களாம். அவர் ஒன்றிரண்டை எழுத்துக் கூட்டிப் படித்தார். எனக்கு எதுவும் மனதில் நிற்கவில்லை.

ஒவ்வொரு இடத்திலும் என்னை நிறுத்திப் படம் எடுத்தார்.

“சிரிங்கண்ணே. பாஸ்போர்ட்டுக்கு நிக்கிற மாதிரியே நிக்கிறீங்க.”

“சிரிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்.”

“அது ஒங்களுக்குத்தான் தெரியுது.”

கோட்டைக்குக் கீழே நின்றபோது மனைவியின் வீடியோ கால் வந்தது. அறையில் இல்லாதபோது நான் எடுப்பதில்லை. மீமிசல்காரர் கையை நீட்டிப் பச்சையை அழுத்திவிட்டார்.

“எங்கங்க நிக்கிறீங்க? பின்னாடி என்ன, கோட்டையா?”

“ஆமா.”

“நம்ம திருமயம் கோட்ட மாதிரியில்ல இருக்கு.”

“இது கடலுக்குள்ள நிக்கிது.”

“ஒங்க மொகத்த எடுங்க. அதத்தான் தெனமும் பாக்குறனே. கோட்டையக் காட்டுங்க.”

மீமிசல்காரர் சத்தமாகச் சிரித்தார். நான் போனைத் திருப்பினேன். கோட்டை, கடல், எழுத்து எழுதிய பாறை, அரண்மனை எல்லாவற்றையும் காட்டினேன். அவள் ஒவ்வொன்றையும் கேட்டாள். அந்தத் தூண் என்ன நிறம், உள்ளே ஆள் இருக்கிறார்களா, கடலில் நிற்பது நம்ம ஊர் லாஞ்சு மாதிரி படகா. தெரிந்ததைச் சொன்னேன். இப்போது சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். படகைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன்.

“அந்தக் கோட்டைய இன்னொரு தடவ காட்டுங்க” என்றாள். “இனிமே எங்க பாக்கப் போறோம்.”

போனை என் முகத்துக்குத் திருப்பினேன்.

“என்ன சொல்ற?”

“அந்த மீமிசல் தம்பியோட வீட்டுக்காரி அறந்தாங்கி பஸ் ஸ்டாண்டுல என்னையப் பாத்துச் சொல்லிட்டா. செவ்வாக்கெழமையே எனக்குத் தெரியும். நீங்களாச் சொல்லுவீங்கன்னு இருந்தேன்.”

மீமிசல்காரர் அங்கிட்டுத் திரும்பிக் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“மாப்பிள்ள வீட்டுக்கு?” என்று கேட்டேன்.

“நேத்துப் போயிச் சொல்லிட்டேன். நாளைக்கித் தெரிஞ்சா அசிங்கம்ல. யோசிச்சுச் சொல்றோம்னாங்க.”

“பாப்பாவுக்குத் தெரியுமா?”

“அதுதான் கூட வந்துச்சு.”

பக்கத்தில் வெள்ளைக்காரர் ஒருவர் கேமராவோடு வந்து, கொஞ்சம் தள்ளி நிற்கும்படி கையைக் காட்டினார். தள்ளி நின்றேன்.

“கோட்டையக் காட்டுங்கன்னேன்” என்றாள்.

காட்டினேன். அதற்குள் வெளிச்சம் போயிருந்தது. விளக்கு இன்னும் போடவில்லை.

“ஒண்ணும் தெரியலங்க. கருப்பாத்தான் இருக்கு.”

“ம்.”

“சரி விடுங்க. ஞாயித்துக்கெழம வந்து சேர நேரமாகும். மீன் வாங்கி வைக்கவா, கறி எடுக்கவா?”

“எதாச்சும் வையி” என்றேன்.