வாசலில் செருப்பு இல்லாதவர்

தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் வேப்பம்பூ மணந்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு படபடக்கிறது.

போன பங்குனியில், கடலோர ஊர்களின் பழைய வீடுகளையும் தோட்டங்களையும் பார்க்க இரண்டு வேன்களில் கிளம்பினோம். சதுரங்கப்பட்டினத்தில் ஒரு மாடி வீடு. தோட்டமெங்கும் வேப்பம்பூ உதிர்ந்து கிடந்தது. எல்லோரும் செருப்பை வாசலில் விட்டார்கள். கல்யாண மண்டபங்களில் செருப்பைத் தொலைத்தவன் நான். கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டேன். ஓரிடத்தில் தரிக்காத கால்கள் எனக்கு. கூட்டத்தை விட்டு மாடியேறி, கடலைப் பார்த்தபடி நின்றுவிட்டேன்.

இறங்கி வந்தால் கதவு வெளியே பூட்டியிருந்தது. தெருவில் வேன்கள் இல்லை. என் கைபேசி முதல் வேனில். இரண்டாவது வேனில் இருந்த மனைவி, நான் முதல் வேனில் இருப்பதாக நினைத்திருப்பாள். இனி அடுத்த ஞாயிறுதான் வீட்டைத் திறப்பார்கள் என்று டூரில் சொன்னது நினைவுக்கு வந்தது. ஜன்னல் ஜன்னலாக ஓடிக் கத்தினேன். கடல் என்னைவிட உரக்கக் கத்தியது.

செடிக்குத் தண்ணீர் விட வந்த காவல்கார அம்மா அலறினார். "யோவ், யாருய்யா உள்ள?"

"டூர் வந்தவன்மா!"

"வாசல்ல ஒரு செருப்புகூட இல்லியே சார்! அதப் பாத்துதான பூட்டினேன்!"

கதவைத் திறந்தவர் என் பையில் துருத்தி நின்ற செருப்பைப் பார்த்துச் சிரித்தார். "இன்னா சார், செருப்பக் கொயந்த மாதிரி தூக்கினு கீறீங்க?"

அவர் போனிலிருந்து மனைவியை அழைத்தேன். வேன் திரும்பி வந்தது.

இப்போதெல்லாம் எங்கே போனாலும் செருப்பை வாசலிலேயே, கண்ணில் படும்படி விடுகிறேன். அன்று வேன் கிளம்பும்போது அந்த அம்மா மனைவியிடம் சொன்னார்: "இன்னும் நாலு வூடு பாக்கணும்னீங்களே, சார் கையப் புடிச்சுக்கோம்மா!"