பால்வெளியில் வைத்த விளக்கு

என் அத்தைக்குப் பால்வெளியைப் பற்றி எந்தக் கவலையும் இருந்ததில்லை. அவருக்கு இருந்ததெல்லாம் கோலப் போட்டிக் கவலைதான். மலேசியாவின் தெலுக் பங்லிமா காராங்கில் அவர் வேலை செய்த தொழிற்சாலையில், தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமை ஒவ்வொரு பிரிவும் கேன்டீன் தரையில் சாயம் போட்ட அரிசியால் கோலம் போடும். பேக்கிங் பிரிவுக்கு அத்தைதான் தலைவி. மூன்று வருடமாகத் தோற்றாயிற்று. இந்த முறையும் தோற்றால் பொறுப்பு கைமாறிவிடும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள்.

மயிலும் தாமரையும் போட்டு அலுத்துப்போய், அத்தை பத்து வயதான என்னிடம் படம் கேட்டார். எனக்கு அப்போது வானப் பைத்தியம். கைப்பேசியைப் பார்த்து, நாம் இருக்கும் பால்வெளியையே வரைந்து கொடுத்தேன். நடுவில் தடித்த பட்டை. அதன் இரு முனைகளிலிருந்தும் வளைந்து சுற்றும் கைகள். பட்டையில் வயதான நட்சத்திரங்கள் அதிகம், அதனால் மஞ்சள் அரிசி. கைகளில் இளசுகள், அதனால் நீலம். புது நட்சத்திரங்கள் பிறக்கும் இடங்களில் ரோஸ். அத்தை ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"இதுல நாம எங்கடி இருக்கோம்?"

நடுவில் இல்லை என்றேன். நடுவுக்கும் விளிம்புக்கும் ஏறக்குறையப் பாதி வழியில், ஒரு சின்னக் கிளையில்தான் நம் சூரியன் இருக்கிறது என்று பெரிய மேதாவி போல விளக்கினேன்.

போட்டியன்று என்னையும் கூட்டிப்போனார். சும்மா சொல்லக்கூடாது, கோலம் முடிந்தபோது தரையே சுழல்வது போலிருந்தது. கடைசியாக அகல்விளக்கு. மற்ற எல்லாக் கோலங்களிலும் அது நடுவில் இருந்தது. அத்தையோ குனிந்து, நான் காட்டியிருந்த அந்தச் சின்னக் கிளையில் வைத்தார். நான் அவர் காதருகே போனேன்.

"நடுவுல வைங்க அத்தை. யாருக்குத் தெரியப்போகுது?"

"நீதானே இங்கன்னு சொன்னே?"

விளக்கு நகரவில்லை. நடுவராக வந்த மேலாளர் கோலத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"ஏன்மா, விளக்கு ஓரமா போயிருச்சு? நடுவுல வைக்கணும் லா."

"அங்கதான் பாஸ் நாம எல்லாரும் இருக்கோம்," என்றார் அத்தை.

மேலாளர் சிரித்துவிட்டுத் தாளில் ஏதோ எழுதினார். பரிசு ஸ்டோர் பிரிவின் மயில் கோலத்துக்குப் போனது. அடுத்த வருடம் கோலப் பொறுப்பும் வேறொருவருக்குப் போனது.

கிள்ளானில் இருந்த வீட்டுக்குத் திரும்பும் வரை நான் முகத்தைத் திருப்பிக்கொண்டே வந்தேன். சொன்ன பேச்சைக் கேட்காமல் தோற்றுவிட்டாரே என்று கோபம். அவர் கேட்டது நான் சொன்ன பேச்சைத்தான் என்பதும், பரிசுக்காக நானே கைவிட்ட பிறகும் அதை நம்பி நின்றவர் அவர் ஒருவர்தான் என்பதும் அன்று எனக்கு எட்டவில்லை.