லாத்தாவுக்குப் போனில் போன பத்திரிகை

அய்யம்பேட்டையில் உரக்கடை வைத்திருக்கும் நெய்னா முகம்மதுவுக்குக் கால் இரண்டும் நன்றாகத்தான் இருக்கின்றன. உபயோகம்தான் குறைந்துவிட்டது. நாற்று மஞ்சளிக்கிறது என்று யாராவது வந்தால் முன்பெல்லாம் கூடவே வரப்பேறிப் போய்ப் பார்ப்பார். இப்போது, "போட்டோ எடுத்து அனுப்புங்க, மருந்து சொல்றேன்" என்பதோடு சரி. மாடியில் இருக்கும் மனைவி சாஜிதாவிடம் டீ கேட்பதும் போனில்தான்.

அப்படிப்பட்ட மனிதர், மகன் ஃபஹத் கல்யாணத்துக்கு மட்டும் சீர்காழி, பூதலூர் என்று வெயிலில் அலைந்து வீடு வீடாகப் பத்திரிகை வைத்தார். ஊரே மெச்சியது. அடுத்த தெருவில் இருக்கும் அக்கா ஹலீமாவுக்கு மட்டும், "லாத்தா நம்ம ஆளுதானே" என்று வாட்ஸப்பில் தட்டிவிட்டார். பெண் பார்த்து முடித்ததே ஹலீமாதான். பதிலுக்கு ஒரு கட்டைவிரல் வந்தது. லாத்தாவுக்கு ரொம்ப சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டார், பாவம்.

கல்யாணத்தன்று நிக்காஹ் முடிந்தது. அந்தக் குடும்பத்தில் மணப்பெண்ணுக்குத் தாலியாகக் கருகமணி கட்டுவது மாப்பிள்ளையின் அத்தை. வேறு யார் கட்டினாலும் ஊர் வாய் சும்மா இருக்காது. பெண்கள் பக்கமிருந்து சாஜிதா ஓடி வந்தாள்.

"என்னங்க, உங்க லாத்தாவக் காணோம்!"

நெய்னாவுக்கு வியர்த்துவிட்டது. வழக்கம்போல் போனை எடுத்து வீடியோ காலில் கூப்பிட்டார். திரை முழுக்க ஹலீமாவின் மூக்கும் கண்ணும்தான் தெரிந்தன.

"லாத்தா, எங்க இருக்கீங்க?"

"கல்யாணத்துலதான் இருக்கேன். பத்திரிகை எந்த வழியா வந்துச்சோ, அந்த வழியா நானும் வந்துட்டேன். போனைக் கொஞ்சம் திருப்பு, பொண்ணைப் பார்க்கணும்."

"கருகமணி யாரு லாத்தா கட்டுறது?"

"பொண்ணு கழுத்துக்கிட்ட போனைக் கொண்டு போ. இங்கேருந்தே கட்டிவிடுறேன்."

பந்தியில் இருந்த சம்பந்தி பிரியாணியை விட்டுத் தலையை நிமிர்த்தினார். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். உம்மா போன பிறகு தனக்குச் சோறூட்டி வளர்த்தவரைப் போய் இப்படிக் கூப்பிட்டோமே என்று நெய்னாவுக்கு அப்போதுதான் உறைத்தது. அவமானத்தைவிடத் துக்கம்தான் அதிகமாக இருந்தது.

ஓடினார். அணைக்க மறந்த போன் கையில் இருக்க, புதுச் சட்டை முதுகில் ஒட்ட, கடைத்தெரு வழியாக ஓடினார். எதிரே வந்தவர்கள் உரக்கடையில் தீப்பிடித்துவிட்டது என்றே நினைத்தார்கள்.

ஹலீமா வீட்டுக் கதவு திறந்திருந்தது. வாசலை ஒட்டி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பட்டுப்புடவை, கழுத்து நிறைய நகை, மடியில் புர்கா, காலில் செருப்பு. விடியற்காலைத் தொழுகை முடிந்ததிலிருந்து இப்படித்தான் உட்கார்ந்திருக்கிறார் என்று அவருடைய மருமகள் பின்னால் நின்று ஜாடை காட்டினாள்.

"லாத்தா..." நெய்னாவுக்கு மூச்சு வாங்கியது. "நம்ம ஃபஹதுக்குக் கல்யாணம். நீங்க அவசியம் வரணும்."

ஹலீமாவின் கண் கலங்கிவிட்டது. குரல் மட்டும் இறங்கவில்லை.

"எப்ப?"

"இப்பதான் லாத்தா!"

"அட, கொஞ்சம் முன்னாடியே வந்து சொல்லக் கூடாதா?" என்றபடி புர்காவை மாட்டிக்கொண்டு, தம்பிக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தார்.