இரண்டு பிக்கப்பும் ஒரு பொய்யும்

என் வீட்டுக்காரர் லிப்ட் மெக்கானிக். இருபத்திரண்டு வருஷமாக ஒரே கம்பெனி. கூட வேலை செய்கிறவர்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் 'பாம்புச் செவி'. தரைத்தளத்தில் நின்றபடியே, ஒன்பதாவது மாடிக்கு மேலே மோட்டார் ரூமில் எந்தப் பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். வீட்டில் மட்டும் நான் மூன்று தடவை கூப்பிட்டால்தான் திரும்புவார். அது காது மந்தம் இல்லை, புருஷ லட்சணம் என்று நானும் விட்டுவிட்டேன்.

ஆள் அதிகம் பேசமாட்டார். கோபம் வந்தால் ஸ்குரூ டிரைவர்களை அளவுவாரியாக அடுக்குவார். சந்தோஷம் வந்தாலும் அதையேதான் செய்வார். எது எதற்கு என்று கண்டுபிடிக்க எனக்குப் பத்து வருஷம் பிடித்தது. கல்யாணத்துக்கு முன்பு ஒரு கோஷ்டியில் எலெக்ட்ரிக் கித்தார் வாசித்தவர். மகள் பிறந்த வருஷம் அதை யாருக்கோ கொடுத்துவிட்டு, அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. அந்த மகள் படித்து வேலைக்குப் போனதும், "கடையில வாங்காதீங்கப்பா. உங்க கைக்கும் காதுக்கும் ஏத்த மாதிரி ஒண்ணு செஞ்சுக்கோங்க" என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

இரண்டு பஸ் மாறிப் போகும் தூரத்தில், ஒரு டயர் கடையின் மாடியில் கித்தார் செய்கிற பெண் ஒருத்தி இருக்கிறாள். எல்லோரும் அவளை 'ரம்பம்' என்பார்கள். மரம் அறுப்பதால் வந்த பெயர் என்று அவள் நம்புகிறாள். அவளிடம் பத்து நிமிஷம் பேசியவர்களுக்கு உண்மைக் காரணம் தெரியும். அவளிடம்தான் செய்யக் கொடுத்தோம். மூன்று மாதத்தில் உடல், கழுத்து எல்லாம் செய்து முடித்துவிட்டாள். பாக்கி இருந்தது பிக்கப் மட்டும். தந்திகளுக்கு அடியில் பதித்திருக்கும் காந்தச் சுருள் அது. தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கி ஸ்பீக்கருக்கு அனுப்புவது அதுதான். மரம் எப்படி இருந்தாலும் குரல் அதனுடையது. "இதை மட்டும் நீங்கதான்ணே காதால கேட்டு எடுக்கணும். நான் சொல்லமாட்டேன்" என்று சொல்லிவிட்டு, அதைப் பற்றியே அரைமணி நேரம் சொன்னாள்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. அதற்கு முந்தின மாதம்தான், ஒரு அடுக்குமாடியில் லிப்ட் பிரேக் கீச்சிடுகிறது என்று, கூடப் போன இன்னொரு மெக்கானிக் சொன்னார். இவருக்குக் கேட்கவில்லை. அவ்வளவுதான், அன்றிலிருந்து மனுஷருக்குச் சோறு இறங்கவில்லை. சத்தத்தை வைத்துத்தான் அவர் பிழைப்பு. காது போன மெக்கானிக் சரி பார்த்த லிப்டில் பிள்ளைகுட்டியோடு யார் ஏறுவார்கள்? டாக்டரிடம் போகலாம் என்றால், "போனா சொல்லிடுவாங்க" என்பார். சொல்வதற்குத்தானே டாக்டர்! அதனால் பிக்கப் தேர்வு செய்யப் போன அன்று, நடந்தது கித்தாருக்குப் பரீட்சை இல்லை, அவர் காதுக்கு. அது எங்கள் இரண்டு பேருக்குமே தெரியும்.

நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறவள். நாள் முழுக்க லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "ஒண்ணு தெளிவா? ரெண்டு தெளிவா?" என்று கேட்பதுதான் என் தொழில். எங்கள் கடையில் ஒரே ஒரு சட்டம்: கண் அவர்களுடையது, நாம் வாயைக் கொடுக்கக்கூடாது. அதே முறையில் நடத்தினேன். ரம்பத்திடம் முதுகு திறந்த சோதனைக் கித்தார் ஒன்று உண்டு, பிக்கப்பை அரை நிமிஷத்தில் மாற்றலாம். அவரை ஜன்னலைப் பார்த்து உட்காரவைத்தேன். நான் பிக்கப்பைத் தேர்ந்தெடுத்துக் கொடுக்க, அவள் ஒரே வரியை வாசித்தாள்.

"ஒண்ணா? ரெண்டா?"

"ரெண்டு."

இடையிடையே அவருக்குத் தெரியாமல் பழையதையே திரும்பக் கொடுத்தேன். மூன்று தடவையும் அதே பிக்கப்பைப் பிடித்தார். எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. கடைசியில், கழுத்துப் பக்கத்துக்கு ஒற்றைச் சுருள் பிக்கப் ஒன்று. "தொட்டாலே பேசுது" என்றார். தந்தி முடியும் பின்பக்கத்துக்கு இரட்டைச் சுருள். "இது கொஞ்சம் முரடு. இருக்கட்டும்" என்றார். இரண்டும் வேறு வேறு கம்பெனி.

"வேற வேற வீட்டுப் பிள்ளைங்களை ஜோடி சேக்கறீங்க அண்ணே" என்றாள் ரம்பம். "பரவால்ல, சேத்து வெச்சிடுவோம்."

பத்து நாளில் கித்தார் வீட்டுக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கதவைச் சாத்திவிட்டு வாசித்தார். கழுத்துப் பிக்கப், அருமை. பின் பிக்கப், அருமை. பிறகு சுவிட்சை நடுவில் தள்ளினார். அப்படி வைத்தால் இரண்டும் சேர்ந்து பேச வேண்டும். பேசியது. ஆனால் அடிக்குரல் எங்கோ போய், சத்தம் சூம்பி, மூக்கால் வந்தது. அவர் கை நின்றுவிட்டது. என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"எப்படி இருக்கு?"

எனக்கும் கேட்டது. ஆனால் எத்தனை வருஷம் கழித்து ஆசைப்பட்டுச் செய்த பொருள்! அந்த நேரத்தில் நொட்டை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. எங்கள் கடைச் சட்டத்தை எங்கே தொலைத்தேனோ தெரியவில்லை.

"ரொம்ப நல்லா இருக்குங்க."

"நடுவுல வெச்சப்பவும்?"

"அதுதான் எல்லாத்தையும்விட நல்லா இருக்கு" என்றேன். பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டும் அல்லவா?

அவர் தலையை ஆட்டினார். கித்தாரைத் துணியில் சுற்றி அலமாரிக்கு மேலே வைத்தார். அப்புறம் ஸ்குரூ டிரைவர்களை அடுக்க ஆரம்பித்தார். நான் முட்டாள், சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆறு நாள் கித்தார் கீழே இறங்கவில்லை. சனிக்கிழமை காலையில் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். இனிமேல் மெஷின் வேலை வேண்டாம், உதிரி பாகம் வைக்கும் கிடங்குக்கு மாற்றித் தரும்படி கேட்டுக்கொள்கிறேன் என்று மேலதிகாரிக்குக் கடிதம்.

"என்னங்க இது? கிடங்குல உக்காந்து நட்டு எண்ணப் போறீங்களா?"

"காது போச்சும்மா" என்றார், தலை நிமிராமல். "அன்னிக்கு நடு சுவிட்சுல எனக்குத் தகர டப்பா மாதிரிக் கேட்டுச்சு. உன்னை ரெண்டு தடவை கேட்டேன். உனக்கு நல்லாக் கேக்குது. எனக்குத்தான் கேக்கல. இதுக்கு மேல டாக்டர் வேற எதுக்கு?"

ஆறு நாளாக அந்த மனுஷர் தூங்காமல் கிடந்தது என் வாயால்தானா! அவருக்கு மனசு நோகக்கூடாது என்று நான் சொன்ன ஒரு வார்த்தை, அவர் தொழிலையே எழுதி வாங்கப் பார்த்திருக்கிறது.

"எனக்கும் தகர டப்பா மாதிரித்தாங்க கேட்டுச்சு."

அவர் நிமிர்ந்தார். "என்ன?"

"சளி பிடிச்சவன் போன்ல பேசற மாதிரி இருந்துச்சு. நீங்க வருத்தப்படுவீங்கன்னு நல்லா இருக்குன்னேன்."

"இன்னொரு தடவை சொல்லு."

சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். தோள் குலுங்கியது. அழுகையா சிரிப்பா என்று கேட்கப் பயந்து, நானே அழுதேன். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்பார்கள். அது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

முகத்தைத் துடைத்துக்கொண்டதும் மெக்கானிக் திரும்பி வந்துவிட்டார். "அப்போ கோளாறு கித்தார்லதான். தனித்தனியா ரெண்டும் ஒழுங்கா இருக்கு. சேத்தா இளைக்குது. மோட்டார்ல ரெண்டு வயரை மாத்திக் குடுத்தா, மேல போன்னா கீழ போகும். அந்த மாதிரிதான். ஒண்ணு தள்றப்போ இன்னொண்ணு இழுக்குது."

"நம்ம வீடு மாதிரி" என்றேன்.

ரம்பத்துக்குப் போன் போட்டார். விஷயத்தைக் கேட்டதும் அவளிடமிருந்து சத்தமே இல்லை. அவள் பேசாமல் இருந்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். பிறகு, "ஐயோ அண்ணே!" என்றாள். இரட்டைச் சுருளிலிருந்து கலர் கலராக வயர் வரும். அவள் வழக்கமாக வாங்கும் கம்பெனியில் சிவப்பு வயர் எர்த். இந்தக் கம்பெனியில் அதே சிவப்புதான் சத்தம் போகும் வயராம். கைப்பழக்கத்தில் இதையும் எர்த்தில் வைத்துப் பற்றவைத்துவிட்டாள். தேர்வு நாளில் நாங்கள் மூன்று பேரும், பொருத்தி முடித்த பிறகு அவளும், ஒவ்வொன்றாகத்தான் கேட்டோம். கித்தார் வீட்டுக்கு வரும்வரை இரண்டையும் சேர்த்து வைத்துக் கேட்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

மேஜை மேல் பழைய பேப்பரை விரித்து, கித்தாரைக் கவிழ்த்துப் போட்டு மூடியைக் கழற்றினார். நான் டார்ச் பிடித்தேன். இரண்டு இடத்தில் ஈயத்தை உருக்கி, வயர்களை இடம் மாற்றி ஒட்டினார். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. பக்கத்தில் கிடந்த அந்தக் கடிதத்தின் மேல்தான் ஈயச் சொட்டு விழுந்தது. அவரும் அதை எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

அடுத்த வாரம் அவராகவே காது டாக்டரிடம் போய்வந்தார். பயம் போன பிறகுதான் டாக்டரிடம் போகிற ஜாதி அவர். மிக மெல்லிய கீச்சுச் சத்தங்கள் மட்டும் கொஞ்சம் குறைவாம். வயசுக்கு அது சகஜம், மெஷின் ரூமில் காதடைப்பான் போடு என்றார்களாம். போட்டுக்கொள்கிறார். கீச்சுக்கு மட்டும், கூட வரும் மெக்கானிக்கைக் கேட்டுக்கொள்கிறார்.

ஆனால் அதெல்லாம் பிறகு. அந்தச் சனிக்கிழமை மூடியைப் பூட்டிவிட்டுச் சுவிட்சை நடுவில் தள்ளி, பழைய கோஷ்டி நாளில் வாசித்த ஒரு மெட்டை வாசித்தார். இரண்டும் சேர்ந்து, அடிக்குரலும் மேல்குரலுமாக அறை நிறைய வந்தது. முடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"எப்படி இருக்கு? நெசத்தைச் சொல்லு."

"சத்தம் நல்லா இருக்கு" என்றேன். "நடுவுல ஒரு இடத்துல உங்க விரல் வழுக்கிடுச்சு."

"ஆமா," என்றார். "எனக்கும் கேட்டுச்சு."